தொப்பிக்குப் பின்னால்

திபிலீசியில் அந்த மெட்ரோ நிலையம்
ஒரு பாழுங்கிணற்றின் ஆழம்.
நகரும் படியில் நின்று மேலே வர
இரண்டரை நிமிடம்.
சுவரில் ஒட்டிய ஒரு முகம்
கண்ணில் தங்குவதோ மூன்று நொடி.
அதற்குள் அவள்
தான் யாரென்று சொல்லியாக வேண்டும்.

எலீசோவிடம் கொடுத்தது பத்து ஓவியப் பெண்கள்,
நூறு வருடத்துக்கு முந்தையவர்கள்.
மை இரண்டு: மாதுளைச் சிவப்பு, அடுப்புக்கரி.
காகிதத்தின் வெள்ளையை
மூன்றாவது நிறமாகக் கணக்கெழுதியிருந்தது
நகராட்சி.

அவள் வரைகிறவள் இல்லை, கழிக்கிறவள்.
மாக்வலாவின் மூக்கை எடுத்தாள்,
மாக்வலா இருந்தாள்.
உதட்டை எடுத்தாள், இருந்தாள்.
இடது புருவத்தைத் தொட்டதும்
யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள்.
திருப்பி வைத்தாள்.
"தையல் வகுப்பு அடுத்த தெருவில், அம்மணி"
என்ற கலைக்கல்லூரிக் காவலாளியைப் பார்த்து
உயர்ந்த புருவம்.
உயர்ந்தது இறங்கவேயில்லை.

த்ஸியாலாவுக்குக் காலர்.
கணவனின் சட்டையை மாட்டிக்கொண்டு
கோவேறு கழுதைமேல் ஸ்வானேதி ஏறி
கல்கோபுரங்களைப் பனியோடு தீட்டிவந்தவள்.
காலரின் ஒரு முனை நிற்கும், மறுமுனை படுத்திருக்கும்.
இஸ்திரி போட்டால் செத்துப்போவாள்.

நுனூக்காவுக்கு மூக்குக்கண்ணாடி போதும்,
ஒரு வட்டத்தில் விரிசல்.
"விரிசலை எடுத்துவிடலாமே" என்றது
தொலைபேசியில் ஒரு தூரத்து உறவு.
எடுக்கலாம்தான்.
அப்புறம் அது கண்ணாடிக்கடை விளம்பரம்.

"எல்லாரும் கொஞ்சம் சிரித்த முகமாக..."
என்று இழுத்த அதிகாரிக்கு
எலீசோ இன்னொரு காபி ஊற்றினாள்,
சர்க்கரை போடாமல்.

ஒன்பதாமவள் பெபேலா.
படமே இல்லை.
ஒரு நடிகையின் கடிதத்தில் ஒரு வரி:
"பெபேலாவின் கடலுக்கு முன்னால் நின்றேன்,
வசனம் மறந்துபோயிற்று."
நாடக அரங்கின் செலவேட்டில் ஒரு வரி:
கடல் திரை, பதினெட்டு முழம்.
தீட்டியவர் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.
அரங்கின் படிக்கட்டில் எடுத்த கூட்டுப் படம் ஒன்று:
நடுவில் இயக்குநர்,
அவர் தலையில் தொப்பி,
தொப்பிக்குப் பின்னால் ஒரு காது.

மூன்று வாரம் போனது.
முகம் ஒன்று போட்டாள், அழகாக வந்தது.
பார்த்தால்
தாடை அவளுடைய தாடை.
கிழித்தாள்.
இன்னொன்று, அதுவும் அழகு. அதையும்.
கழிக்க ஒன்றுமில்லாத இடத்தில்
கழிக்கிறவள் என்ன செய்வாள்?
வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே
ஆறிப்போன ரொட்டியைத் தின்றாள்.

பின்னிரவில் தொப்பியை வரைந்தாள்.
தாள் முழுக்கத் தொப்பி,
கரிக்கறுப்பில் ஒரு மலைபோல.
விளிம்பில், கட்டைவிரல் அகலத்தில்,
சிவப்பாய் ஒரு காது.
கீழே பெயர்:
பத்துப் பெயர்களிலும் பெரிய எழுத்தில்.

ஒட்டிய மறுநாளே கடிதம் வந்தது:
"ஒன்பதாம் எண் அச்சுப்பிழை.
முகம் விழவில்லை.
தாமதமின்றி மாற்றித் தரவும்."

எலீசோ கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து
நிலையத்தின் அடிக்குப் போய்
படியில் கால்வைத்தாள்.
முன்னால் ஒரு ஆள்,
கக்கத்தில் நீள ரொட்டி, காதில் கைபேசி,
யாரிடமோ கார் டயர் விலை பேசிக்கொண்டு.
புருவம் போயிற்று.
காலர் போயிற்று.
விரிசல் போயிற்று.
அவர் எதையும் பார்க்கவில்லை.

தொப்பி வந்தது.

பேச்சு நின்றது.
கைப்பிடியை இறுகப் பிடித்தபடி
அவர் வலப்பக்கம் சாய்ந்தார்,
திருவிழாக் கூட்டத்தில்
முன்னால் நிற்பவன் தலை மறைக்கும்போது
சாய்வோமே, அப்படி.
ரொட்டி நழுவப் பார்த்தது.

படி நிற்கவில்லை.
பத்தாமவளைத் தவறவிட்டு,
கழுத்தைத் திருப்பியபடியே
மேலே போய்க்கொண்டிருந்தார்.
"ஹலோ, ஹலோ" என்றது கைபேசி.